ஏலமும் கேம் தியரியும் மேற்படிப்பில்: எங்கே தொடங்குவது, எதைக் கையால் போட்டுப் பார்ப்பது

கேட்டவர் பி.எஸ்சி. கணிதம் கடைசி ஆண்டு படிக்கிறார். பொருளாதாரத்தில் ஒரு தாள்கூடப் படித்ததில்லை. ஏலக் கோட்பாட்டையும் கேம் தியரியையும் (ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் சூழல்களைக் கணக்கால் ஆராயும் துறை) முதுகலையிலும், முடிந்தால் பிஎச்.டி. வரையிலும் படிக்க ஆசை. எவ்வளவு கணக்கு வேண்டும், எந்தப் புத்தகத்தில் தொடங்குவது, எங்கே சேர்வது, படித்து முடித்தால் வேலை உண்டா என்பது கேள்வி.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பொருளாதாரம் படிக்காமல் வருவது இந்தத் துறையில் பெரிய குறை இல்லை. பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். என் வகுப்பில் திணறியவர்கள் பெரும்பாலும் ஒரு நிறுவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாமே எழுதிப் பழகாதவர்கள்தான். தேவை வளைகோடு, விலை நெகிழ்ச்சி எல்லாம் ஒரு கோடை விடுமுறையில் படித்துக்கொள்ளலாம். ரியல் அனாலிசிஸை அப்படி ஒரு விடுமுறையில் பிடிக்க முடியாது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இளங்கலையில் கேம் தியரி என்றால் ஓர் அட்டவணை. இரண்டு கைதிகள், இரண்டு வழிகள், நான்கு கட்டங்கள். நாஷ் சமநிலை, அதாவது தனியாகத் தன் வழியை மாற்றி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலை, எந்தக் கட்டத்தில் என்று வட்டம் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். முதுகலையில் அந்த அட்டவணை காணாமல் போய்விடும். எதிரில் இருப்பவருக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பதே உங்களுக்குத் தெரியாது. உங்கள் மனதில் இருப்பது அவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று காட்டியவர் ஜான் ஹர்சன்யி. 1967, 68-ல் மூன்று பகுதிகளாக வந்த கட்டுரை அது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு 'வகை' உண்டு, அது அவருக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு அதன் நிகழ்தகவுப் பரவல் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டார். அதோடு உத்தி என்பது ஒரு தனிச் செயலாக இல்லாமல் ஒரு சார்பாக மாறுகிறது. என் மதிப்பு இவ்வளவு என்றால் இவ்வளவு கேட்பேன், அவ்வளவு என்றால் அவ்வளவு கேட்பேன் என்று முழுச் சார்பையும் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குப் படித்தவருக்கு இது வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய வீணை ஏலத்துக்கு வருகிறது. கேட்பவர்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் அது பெறுமானம் உள்ள தொகை 0 முதல் 100 வரை எதுவாகவும் இருக்கலாம், ஆயிரம் ரூபாய்க் கணக்கில். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. தொகையை எழுதி மூடிய உறையில் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்கு வீணை, அவர் எழுதியதை அவர் கட்ட வேண்டும். நம் ஊர் டெண்டர் மாதிரிதான். உங்கள் மதிப்பு 80 என்றால் என்ன எழுதுவீர்கள்? 80 எழுதினால் வென்றாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. குறைத்து எழுதினால் மிச்சம் கூடும், வெல்லும் வாய்ப்பு குறையும். எதிராளி தன் மதிப்பில் பாதியை எழுதுவார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் b எழுதினால், அவர் மதிப்பு 2b-க்குக் கீழே இருந்தால் வெல்வீர்கள். அதற்கு வாய்ப்பு 2b/100. மிச்சம் 80-b. இரண்டையும் பெருக்கி, வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமமாக்கினால் b=40. அதாவது அவர் பாதி எழுதினால் நீங்களும் பாதி எழுதுவதுதான் நல்லது. நீங்கள் பாதி எழுதினால் அவருக்கும் அப்படியே. அதுதான் சமநிலை. ஆட்கள் n என்றால் பாதிக்குப் பதில் (n-1)/n வரும். பத்துப் பேர் போட்டியிட்டால் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கைக் கேட்டுவிடுவார்கள்.

இப்போது விதியை மாற்றுங்கள். அதிகம் எழுதியவருக்கே வீணை, ஆனால் இரண்டாவதாக வந்தவர் எழுதிய தொகையைக் கட்டினால் போதும். இங்கே 80 மதிப்புள்ளவர் 80 என்றே எழுதுவதுதான் சரி. குறைத்து 70 எழுதினால், எதிராளி 75 எழுதும் நாளில் 5 லாபத்தோடு கிடைத்திருக்க வேண்டியது கைநழுவும். மற்ற நாட்களில் எந்த வித்தியாசமும் இல்லை. கூட்டி 90 எழுதினால், எதிராளி 85 எழுதும் நாளில் 5 நஷ்டத்தோடு வீணை வீட்டுக்கு வரும். எதிராளி எப்படி யோசித்தாலும் இந்த விடை மாறாது. இந்த இரண்டாம்விலை ஏலத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் இதைச் சொன்னார். நோபல் பரிசு 1996 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் காலமாகிவிட்டார்.

சரி, விற்பவருக்கு எந்த ஏலம் லாபம்? முதல் ஏலத்தில் வருவது இருவரில் பெரிய மதிப்பின் பாதி. இரண்டில் பெரியதன் சராசரி 66.67, பாதி 33.33. இரண்டாவது ஏலத்தில் வருவது சிறிய மதிப்பு. அதன் சராசரியும் 33.33. ஒரே தொகை! முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை, மூன்று முறை திரும்பப் போட்டேன். இது தற்செயல் அல்ல, ஒரு பொதுத் தேற்றம் என்று 1981-ல் ரோஜர் மயர்சனும், தனியாக ரைலி, சாமுவெல்சன் இருவரும் நிறுவினார்கள். ஏலத்தின் வடிவம் எதுவானாலும், பொருள் அதிக மதிப்புள்ளவருக்கே போகிறது, பூஜ்ய மதிப்புள்ளவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, மதிப்புகள் ஒன்றையொன்று சாராதவை, கேட்பவர்கள் யாரும் நஷ்டத்துக்குப் பயந்து நடப்பவர்கள் இல்லை என்றால், விற்பவருக்குச் சராசரியாக வருவது ஒன்றுதான். இதற்கு வருவாய்ச் சமத் தேற்றம் என்று பெயர்.

முதுகலைப் படிப்பின் சாரமே இந்தத் தேற்றத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதலில் அதைப் புத்தகம் பார்க்காமல் நிறுவப் பழக வேண்டும். அப்புறம், அதில் இருக்கும் எடுகோள்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, நிஜ ஏலத்தில் எது எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் துறையின் பெரிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் அப்படிப் பிறந்தவை.

மயர்சன் அதே கட்டுரையில் இன்னொன்றும் செய்தார். எல்லா வகையான ஏலங்களிலும் விற்பவருக்கு அதிக வருமானம் தருவது எது என்று கேட்டார். மேலே சொன்ன கணக்கில் விடை எளிது: 50-க்குக் கீழே தரமாட்டேன் என்று ஓர் அடிவிலை வைத்துவிட்டு இரண்டாம்விலை ஏலம் நடத்துவது. வருமானம் 33.33-லிருந்து 41.67-ஆகக் கூடும். நான்கில் ஒரு தடவை இருவருமே 50-க்குக் கீழே இருப்பார்கள், வீணை விற்காமல் வீட்டிலேயே இருக்கும். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் அடிவிலையே வைக்காமல் மூன்றாவதாக ஓர் ஆளைக் கூட்டி வந்தால்? வருமானம் 50. மிகச் சாமர்த்தியமாக வைத்த அடிவிலையைவிட, கூடுதலாக வரும் ஓர் ஆள் மேல். ஜெரமி புலோவும் பால் கிளெம்பரரும் 1996-ல் இதைப் பொதுவாக நிறுவினார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் 3ஜி உரிமங்கள் ஏலம் போயின. பிரிட்டனில் ஏற்கெனவே நான்கு செல்பேசி நிறுவனங்கள் இருந்தன, ஐந்து உரிமங்கள் வைத்தார்கள். ஓர் இடம் புதியவருக்கு நிச்சயம் என்பதால் 13 பேர் கேட்க வந்தார்கள்; 2,250 கோடி பவுண்டு வந்தது, தலைக்கு ஏறத்தாழ 650 யூரோ. அதே ஆண்டு நெதர்லாந்தில் ஏற்கெனவே ஐந்து நிறுவனங்கள், உரிமமும் ஐந்து. நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று புதியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். தலைக்கு வந்தது 170 யூரோ. இரண்டு ஏலங்களின் விதிமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபட்டது யார் வந்தார்கள் என்பது.

அடிவிலை பற்றிய பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2016-லும் 2021-லும் ஏலத்துக்கு வைத்தார்கள். வைத்த அடிவிலைக்கு இரண்டு முறையும் ஒருவரும் கேட்கவில்லை. 2022-ல் அடிவிலையைக் குறைத்த பிறகுதான் அதில் ஒரு பகுதி விற்றது. கோட்பாட்டில் 'நான்கில் ஒரு தடவை விற்காது' என்று ஒரு வரியில் எழுதிப் போகிறோமே, அது நிஜத்தில் இப்படி ஆண்டுக்கணக்கில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் அலைவரிசை.

அடுத்து உடையும் எடுகோள்: மதிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்பது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் சாலையோரப் புளியமரத்தைத்தான் எடுப்பேன். நெடுஞ்சாலை ஓரத்து மரங்களின் மகசூலை ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்க வருகிறவர் முந்தைய நாளே சைக்கிளிலோ வண்டியிலோ போய், மரம் மரமாக அண்ணாந்து பார்த்து, பிஞ்சு எப்படிப் பிடித்திருக்கிறது, எந்த மரம் பொய்க்கும், உலுக்க எத்தனை ஆள் கூலி என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வருவார். எல்லோரும் போடுவது ஒரே மகசூலுக்கான கணக்கு. அது எத்தனை குவிண்டால் என்பது பறித்த பிறகுதான் தெரியும். சராசரியில் எல்லோரின் கணிப்பும் சரியாக இருக்கலாம். ஆனால் ஏலத்தில் எடுப்பவர் சராசரி ஆள் இல்லை; கூட்டத்திலேயே அதிகமாகக் கணித்தவர். வென்ற அந்த நொடியே அவருக்கு ஒரு கெட்ட செய்தி கிடைக்கிறது: அந்த மரங்களைப் பார்த்த மற்ற எல்லோரும் என்னைவிடக் குறைவாகத்தான் மதிப்பிட்டார்கள்.

இதற்கு வென்றவரின் சாபம் என்று பெயர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை எடுத்த நிறுவனங்களின் வருமானம் ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது என்று ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971-ல் இதை எழுதினார்கள். பேசர்மன், சாமுவெல்சன் இருவரும் 1983-ல் வெளியிட்ட சோதனையில், 8 டாலர் மதிப்புள்ள நாணயங்கள் நிறைந்த ஜாடியை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். மாணவர்கள் கணித்த சராசரி 5 டாலர் 13 சென்ட், உண்மையைவிடக் குறைவு. அப்படியும் வென்றவர்கள் கேட்ட சராசரி 10 டாலர் 1 சென்ட். நானும் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு ரூபாய்க் காசுகளைப் போட்டு இதைச் செய்கிறேன். எடுத்தவர் காசை எண்ணி முடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நிபந்தனைச் சராசரி (இங்கே, வென்றேன் என்று தெரிந்த பிறகு போடும் சராசரி) என்றால் என்ன என்று வகுப்பு முழுக்கப் புரிந்துவிடும்.

வீணை போல ஆளுக்கு ஆள் மாறும் தனி மதிப்பு, புளியமர மகசூல் போல எல்லோருக்கும் ஒன்றான பொது மதிப்பு இரண்டையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தது 1982-ல் பால் மில்கிரோமும் ராபர்ட் வெபரும் எழுதிய கட்டுரை. மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டில் இதைப் படிப்பீர்கள்; முதல் தடவை புரியாது, மூன்றாம் தடவை புரியும். அதன் முடிவு அழகானது. கேட்பவர்களின் கணிப்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால், 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று எல்லோர் முன்னாலும் ஏறும் ஏலம் மூடிய உறையைவிட விற்பவருக்கு அதிகம் தரும். ஏனென்றால் மற்றவர் எந்த விலை வரை நிற்கிறார் என்று பார்க்கும்போது அவருக்குத் தெரிந்ததில் கொஞ்சம் உங்களுக்கும் தெரிந்துவிடுகிறது, சாபத்தின் பயம் குறைகிறது, கை கொஞ்சம் தாராளமாகிறது. மில்கிரோமும் அவர் ஆசிரியர் ராபர்ட் வில்சனும் 1994-ல் அமெரிக்க அலைவரிசை ஏலத்தின் வடிவத்தை உருவாக்குவதில் பங்கெடுத்தபோது பல உரிமங்களையும் ஒரே நேரத்தில் பல சுற்றுகளாக ஏலம் விடச் சொன்னதற்குப் பின்னால் இந்தச் சிந்தனையும் இருந்தது. 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் எல்லோர் முன்னாலும் ஏறும் ஏலத்துக்கு வேறு ஒரு நோய் உண்டு. நம் ஊரில் அதற்குச் சிண்டிகேட் என்று பெயர். 1999-ல் ஜெர்மனியில் பத்து அலைவரிசைத் துண்டுகள் ஏலத்துக்கு வந்தன. புதிதாகக் கேட்பவர் முந்தைய தொகையைவிட 10 சதவீதமாவது கூட்ட வேண்டும் என்பது விதி. மானஸ்மன் நிறுவனம் முதல் ஐந்து துண்டுகளுக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 1.818 கோடி மார்க், அடுத்த ஐந்துக்கு 2 கோடி மார்க் என்று கேட்டது. 1.818 என்ற விசித்திர எண் ஏன்? அதை 1.1 ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ சரியாக 2. 'நீ முதல் ஐந்தை 2 கோடிக்கு எடுத்துக்கொள், நான் அடுத்த ஐந்தை 2 கோடிக்கு வைத்துக்கொள்கிறேன், சண்டை வேண்டாம்' என்று அந்த எண் எதிராளிக்குச் சொன்னது. டி-மொபில் அதைப் புரிந்துகொண்டு அப்படியே கேட்டது. இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது. பேசவில்லை, சந்திக்கவில்லை, எழுதிக்கொள்ளவில்லை. விதியில் இருந்த அந்த 10 சதவீதமே அவர்களுக்கு மொழியாகிவிட்டது.

இதனால்தான் இந்தப் பாடத்தை 'ஏலத்தில் ஜெயிப்பது எப்படி' என்று நினைத்துப் படிக்க வராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். முதுகலையில் நீங்கள் உட்காரும் நாற்காலி விதி எழுதுபவரின் நாற்காலி. மனிதர்கள் தங்கள் நலத்தைத்தான் பார்ப்பார்கள், தங்களுக்குத் தெரிந்ததை மறைப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, அப்படியும் நல்ல விளைவு வரும்படி விதியை எப்படி எழுதுவது? மெக்கானிசம் டிசைன் என்ற பிரிவு முழுக்க இதுதான். பொதுச் சொத்து சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த அறிவு இல்லாமல் போனால் நஷ்டம் எல்லோருக்கும். நியூசிலாந்து 1990-ல் அடிவிலை வைக்காமல் இரண்டாம்விலை ஏலம் நடத்தி, ஒரு லட்சம் டாலர் கேட்டவர் 6 டாலர் மட்டும் கட்டிவிட்டுப் போனதைப் பார்த்தது. விக்ரியின் தேற்றத்தில் பிழை இல்லை. போட்டியே இல்லாத இடத்தில் அதை வைத்ததுதான் பிழை.

ஆய்வுக்கு என்ன எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நாள் வரும் என்பதால் என் மனதில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஏலச்சீட்டு. உங்கள் தெருவில் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். 20 பேர், மாதம் 5,000, ஆக ஒரு லட்சம். இந்த மாதம் அவசரத் தேவை உள்ளவர் 30,000 தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கு 70,000. தள்ளிய 30,000-இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, 25,000 எல்லோருக்கும் பிரியும், தலைக்கு 1,250. இந்த மாதம் கட்ட வேண்டியது 3,750 மட்டும்.

இங்கே பாடப்புத்தக ஏலத்திலிருந்து எத்தனை விலகல் பாருங்கள். சாதாரண ஏலத்தில் தோற்றவருக்கு, வென்றவர் எவ்வளவு கட்டினார் என்பது பற்றிக் கவலையில்லை. சீட்டில் தோற்றவருக்கும் அந்தத் தொகையில் பங்கு உண்டு. ஆகவே எடுக்கும் எண்ணமே இல்லாதவருக்கும், 'அவருக்கு அவசரம், இன்னும் தள்ளுவார்' என்று தெரிந்தால் ஏற்றிவிடத் தோன்றும். அதிகம் ஏற்றினால் தன் தலையிலேயே விழும் ஆபத்தும் உண்டு. ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே கொஞ்சம் பங்கு வைத்திருப்பவர் அதை முழுதாக வாங்கும் போட்டியில் இறங்கினால் ஏன் ஆக்ரோஷமாகக் கேட்பார் என்று ஆராய்ந்த கட்டுரைகள் உண்டு; சீட்டின் கணக்கும் அதே குடும்பம். இரண்டாவது, இன்று தோற்றவர் அடுத்த மாதம் கேட்கலாம். இன்று எடுத்தவர் இனி கேட்க முடியாது, கட்ட மட்டும் வேண்டும். மாதம் ஏற ஏறப் போட்டி குறையும், ஆட்களும் மாறுவார்கள். மூன்றாவது, எடுத்தவர் மீதி மாதங்களைக் கட்டுவாரா என்பது. அதிகம் தள்ளத் தயாராக இருப்பவர்தான் கட்டாமல் போகும் வாய்ப்பும் அதிகம் உள்ளவரோ? அப்படியென்றால் அதிகம் கேட்டவருக்கே கொடு என்ற விதியே கேள்விக்குள்ளாகிறது.

நான்காவது, சட்டம். தள்ளும் தொகைக்கு, அதாவது கழிவுக்கு, உச்சவரம்பு உண்டு. பல பேர் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் குலுக்கல்தான். அந்தக் கணத்தில் ஏலம் லாட்டரியாக மாறுகிறது. 1993-ல் 30 சதவீத வரம்பு நடைமுறைக்கு வந்தபோது யார் எந்தச் சீட்டில் சேர்ந்தார்கள் என்பது எப்படி மாறியது என்று யான் எக்ஹவுட், கைவன் முன்ஷி இருவரும் சென்னைத் தரவை வைத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பெஸ்லி, கோட், லௌரி மூவரும் 1993-ல் சீட்டுகளின் பொருளாதாரத்துக்கு அடித்தளம் போட்டிருந்தார்கள். ஸ்டெஃபான் குளோனர் தென்னிந்தியச் சீட்டு ஏலங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். இவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தவர்கள். வீட்டில் அம்மா சீட்டுப் போட்டதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு யார் ஏன் எந்த மாதம் எடுக்கிறார்கள் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. அந்தப் பழக்கமும் இந்தக் கணக்கும் ஒரே ஆளிடம் சேர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இனி நேரடி விஷயங்கள்.

கணக்கில் ரியல் அனாலிசிஸும் நிகழ்தகவும்தான் முதுகெலும்பு. நிகழ்தகவில் ஆர்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் நிபந்தனைச் சராசரியையும் தண்ணீர் பட்ட பாடாக ஆக்கிக்கொள்ளுங்கள். லீனியர் புரோகிராமிங்கில் டியூவாலிட்டி, குவிவுச் சார்புகள், பிரவர், ககுதானி நிலைப்புள்ளித் தேற்றங்கள் வேண்டும். மெஷர் தியரி பிஎச்.டி.க்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். புத்தகங்களை அடுக்கமாட்டேன், மூன்றே மூன்று. கேம் தியரிக்கு ஆஸ்போர்னும் ரூபின்ஸ்டைனும் 1994-ல் எழுதியது. ஏலத்துக்கு விஜய் கிருஷ்ணாவின் 'ஆக்ஷன் தியரி'; அதன் முதல் ஐந்து அத்தியாயங்களில் உள்ள கணக்குகளை ஒன்றுவிடாமல் போட்டவரை நான் எந்த நேர்முகத் தேர்விலும் தைரியமாகப் பரிந்துரைப்பேன். மெக்கானிசம் டிசைனுக்கு டில்மன் பொர்கெர்ஸ் எழுதியது. கணினி அறிவியல் பக்கம் நாட்டம் இருந்தால் டிம் ரஃப்கார்டனின் விரிவுரைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் முதலில் விக்ரி 1961. பழையது என்று தள்ளாதீர்கள், இன்றைக்கும் கதை படிப்பதுபோலப் படிக்கலாம்.

தரவுகளோடு வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. கேட்ட தொகைகள்தான் நமக்குத் தெரியும். மனதில் இருந்த மதிப்பு தெரியாது. கெர், பெரின்யு, வுவோங் மூவரும் 2000-இல் வெளியிட்ட முறை, கேட்ட தொகைகளின் பரவலை மட்டும் வைத்து அந்த மறைந்த மதிப்புகளைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. மேலே நாம் வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமமாக்கினோமே, அதே சமன்பாட்டைப் பின்னாலிருந்து படிப்பதுதான். ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகளில் ஏதாவது ஒன்று கைவசம் இருந்தால் ஒரு வாரத்தில் செய்து பார்க்கலாம்.

எங்கே சேர்வது? இந்தத் துறைக்கு இந்தியாவில் என் முதல் தேர்வு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையம். அங்கும் கொல்கத்தாவிலும் நடக்கும் குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கணக்குக்கு இருக்கும் எடை உங்களைப் போன்றவர்களுக்குச் சாதகம். டெல்லி மையத்தில் மெக்கானிசம் டிசைனில் நீண்ட மரபு உண்டு. அருணாவ சென், தேபாசிஸ் மிஸ்ரா போன்றவர்கள் அந்த மரபைச் சேர்ந்தவர்கள். மிஸ்ராவின் பாடக்குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பையில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையும் நல்லவை. சென்னையை விட்டுப் போக முடியாது என்றால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணக்கை ஆழப்படுத்திக்கொண்டு பிறகு பொருளாதாரத்துக்கு வருவதும் ஒரு வழி. கணினி அறிவியல் வழியாக வர விரும்பினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். அங்கே ஒய். நரஹரி கேம் தியரிப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியிருக்கிறார். இந்தத் துறை நமக்குப் புதியது என்றும் நினைக்க வேண்டாம்: டி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் இருவர் ஆட்டங்களைப் பற்றிச் சேர்ந்து எழுதிய நூல் 1971-லேயே வந்துவிட்டது.

வெளிநாட்டில் பிஎச்.டி. என்றால், அமெரிக்காவின் நல்ல பொருளாதாரத் துறைகள் கல்விக் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருகின்றன, வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை. அங்கே உங்கள் விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது அனாலிசிஸ் மதிப்பெண்ணையும் பரிந்துரைக் கடிதங்களையும்தான். 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்ற கடிதத்தால் பயனில்லை. உங்களோடு ஒரு சின்ன ஆராய்ச்சிக் கணக்காவது போட்ட ஒருவர் எழுத வேண்டும். ஆகவே முதுகலையில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஓர் ஆசிரியரிடம் போய் 'ஒரு கணக்குக் கொடுங்கள் சார்' என்று நில்லுங்கள்.

வேலை பற்றி உங்கள் அப்பா கேட்பார், கேட்க வேண்டியதுதான். பேராசிரியர் வேலை ஒரு பக்கம். இணைய விளம்பரங்கள் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் நடக்கும் ஏலத்தில் விற்கின்றன. கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்கள் இந்தப் படிப்புள்ளவர்களை எடுக்கின்றன. கூகுள் தன் விளம்பர விற்பனைத் தளமான ஆட் மேனேஜரில் 2019-ல் இரண்டாம்விலையிலிருந்து முதல்விலைக்கு மாறியது. அன்றிலிருந்து அதில் கேட்பவர்கள் தங்கள் மதிப்பில் எவ்வளவு குறைத்துக் கேட்பது என்று கணக்குப் போட வேண்டியதாயிற்று, நம் வீணைக் கணக்குத்தான். மின்சாரம் இன்னொரு பக்கம். இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்சில் நாளைய மின்சாரத்துக்கு இன்றே ஏலம். ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96 ஆகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சூரிய மின்சாரத் திட்டங்கள் குறைத்துக் கேட்பவருக்கே போகும் ஏலங்களில் போகின்றன. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் யூனிட் 2 ரூபாய் 44 பைசா வரை இறங்கியது. அவ்வளவு குறைத்துக் கேட்டவர் திட்டத்தை முடிப்பாரா, அங்கேயும் வென்றவரின் சாபம் உண்டா என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

நாளைக்கே தொடங்க ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் ஓர் ஏலத்துக்குப் போங்கள். மீன் ஏலக்கூடம், மஞ்சள் சந்தை, ஊராட்சி அலுவலகத்தில் குளத்து மீன்பாசி ஏலம், தெருச் சீட்டு, எதுவானாலும் சரி. ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் உண்மையில் கேட்டார்கள், அடிவிலை என்ன, ஒவ்வொருவரும் எந்தத் தொகையில் நின்றார்கள், முடிந்த பிறகு யார் யாரோடு டீக்கடைக்குப் போனார்கள். இரவு உட்கார்ந்து வருவாய்ச் சமத் தேற்றத்தின் எடுகோள்களை வரிசையாக எழுதி, அன்று பார்த்ததில் எது எது பொருந்தவில்லை என்று பக்கத்தில் குறியுங்கள். பத்து ஏலங்களுக்கு இப்படி எழுதிய நோட்டோடு முதுகலைக்கு வாருங்கள்.